காரில் கூலிங் பேப்பர் ஒட்டலாமா? பெங்களூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான். புதிதாகக் கார் வாங்கியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வெயில் பட்டால் தோலில் தடிப்பு வருகிறது, பின்சீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, மாதம் ஒருமுறை சேலம் போய்வர வேண்டும். ஜே.சி. ரோட்டில் கடைக்காரர், "கேரளா கோர்ட்டே சரின்னு சொல்லிட்டாங்க, 50 பர்சென்ட் ஃபிலிம் ஒட்டுங்க, சர்டிஃபிகேட் தர்றோம், போலீஸ் கேக்கவே மாட்டாங்க" என்கிறார். அலுவலக நண்பர், "சுப்ரீம் கோர்ட் தடை இருக்கு, ஒட்டினா அபராதம்" என்கிறார். யார் சொல்வது சரி? அப்புறம், எம்.எல்.ஏ. வண்டி மட்டும் எப்படிக் கறுப்பாகப் போகிறது? பழைய காரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற கறுப்பை எப்படி எடுப்பது?

கடைக்காரர் சொன்ன 50 பர்சென்ட் ஃபிலிமை, அதாவது பாதி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கூலிங் பேப்பரை, ஒட்டாதீர்கள். அது உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பின்படியும் தப்பு, கேரளத் தீர்ப்பின்படியும் தப்பு. ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நண்பர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. 2021-க்குப் பிறகு விதியின் வாசகமே மாறியிருக்கிறது. நான் பெங்களூரில் வண்டிக் கண்ணாடி மாற்றும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். ஃபிலிம் ஒட்டிச் சம்பாதித்திருக்கிறேன், அதே ஃபிலிமை உரித்தும் சம்பாதித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கு அது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா உள்ளிட்ட மூன்று நீதிபதிகளின் அமர்வு, மே 4 முதல் எந்த வண்டியின் கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்று சொன்னது. எத்தனை சதவீதம் வெளிச்சம் விடுகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒட்டினாலே தப்பு. அபராதம் போட்டால் மட்டும் போதாது, அந்த இடத்திலேயே உரித்து எடுக்க வேண்டும் என்றும் போலீசாருக்கு உத்தரவு.

அந்த மே மாதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடை வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை. சோப்புத் தண்ணீர் நிரப்பிய பீய்ச்சுக் குப்பி, ஹீட் கன், பிளேடு. ஒரு மூலையைச் சூடாக்கி நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். மலிவு ஃபிலிம் என்றால் கறுப்புத் தாள் மட்டும் கையோடு வந்துவிடும், பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பிறகு ஒரு மணி நேரம் சுரண்டல். சிக்னலில் போலீசார் கையாலேயே உரித்த வண்டிகளும் வந்தன, கிழிந்த பட்டம் மாதிரி பாதி ஃபிலிம் தொங்கிக்கொண்டு. அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் 70 பர்சென்ட் ஃபிலிம்தானே ஒட்டியிருக்கேன், விதியிலேயே 70 இருக்கே?"

நியாயமான கேள்விதான். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. அதைக் காட்டித்தான் ஃபிலிம் வியாபாரம் வளர்ந்தது. ஆனால் விதி கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறதே தவிர ஃபிலிமைப் பற்றிப் பேசவில்லை என்று நீதிமன்றம் படித்தது. கண்ணாடி கம்பெனியே அந்த அளவுக்குள் பச்சையாகவோ சாம்பலாகவோ செய்து அனுப்பலாம். அதன்மேல் நாம் ஒன்றை ஒட்ட விதி இடம் தரவில்லை. சொந்த வசதியைவிடப் பொதுமக்களின் பாதுகாப்பு பெரிது என்பதும் தீர்ப்பின் அடிப்படை. மறைவான வண்டிகளுக்குள் நடக்கும் குற்றங்களைத்தான் அது முன்னால் வைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில், தீர்ப்பைத் தளர்த்தக் கேட்ட மனுக்களையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. டிசம்பர் 16 அன்று டெல்லியில் நிர்பயா என்று நாம் அறிந்த பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நடந்த பஸ்ஸில் கறுப்பு ஃபிலிமும் திரைச்சீலையும் இருந்தன. தீர்ப்பு வந்து ஏழு மாதம் கழித்தும் அப்படி ஒரு பஸ் தலைநகரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் இதை வெறும் அலங்காரச் சமாச்சாரம் என்று யாரும் என்னிடம் பேசினால் எனக்குப் பொறுக்காது.

சரி, பிறகு என்ன மாறியது? மத்திய அரசு 2020-இல் விதிகளைத் திருத்தியது. 2021 ஏப்ரல் 1 முதல் 100-ஆவது விதியில் 'சேஃப்டி கிளாஸ்' என்ற இடத்தில் 'சேஃப்டி கிளாஸ் அல்லது சேஃப்டி கிளேசிங்' என்று வந்தது. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் கிளேசிங் என்பது கண்ணாடி மட்டுமல்ல. அதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2553 இரண்டாம் பாகத்தின் 2019 பதிப்பில், உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியும் கிளேசிங் என்பதற்குள் வருகிறது. தடை எந்த வார்த்தையின்மேல் நின்றதோ அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 செப்டம்பரில் நீதிபதி என். நகரேஷ், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஃபிலிமை 70, 50 என்ற அளவு குறையாமல் பயன்படுத்தினால் அதற்கு அபராதம் போட முடியாது என்றார். வண்டி செய்யும் கம்பெனிதான் அதை ஒட்டலாம், வாங்கியவர் ஒட்டக் கூடாது என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. விதி 'அந்த நிலையில் வைத்திருக்க வேண்டும்' என்றும் சொல்கிறதே, வைத்திருப்பது வண்டிக்காரர்தானே என்பது காரணம்.

கடைக்காரர் சொல்லும் தீர்ப்பு இதுதான். ஆனால் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஒன்று, கேரள உயர் நீதிமன்றம் சொன்னது கர்நாடகப் போலீசையோ தமிழ்நாட்டுப் போலீசையோ நேராகக் கட்டுப்படுத்தாது. இங்கே ஒரு வக்கீல் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், நீதிபதி மதித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்போ நாடு முழுவதற்கும் செல்லும். அந்தத் தீர்ப்பு பழைய வாசகத்தின் மேல் எழுந்தது, வாசகம் மாறியதால் அதன் பலம் குறைந்துவிட்டது என்பது நல்ல வாதம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நடுரோட்டில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரிடம் அந்த வாதத்தை முடிக்க முடியாது. இரண்டாவது விஷயம் கணக்கு.

கடைக்காரர் 50 பர்சென்ட் என்று சொல்வது ஃபிலிமின் அளவை. விதி கேட்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்த அளவை. உங்கள் காரில் கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சை. என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. நடுவில் ஒரு பிளவு இருக்கும். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் விளிம்பில் அதைச் செருகினால் நம்பர் வரும். இன்றைய கார்களின் பக்கக் கண்ணாடிகளில் பெரும்பாலும் 75 முதல் 80 வரை காட்டுகிறது. 75 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 75-இல் ஃபிலிம் பாதியைத்தான் விடுகிறது. மிஞ்சுவது 37.5. விதி கேட்பது 50. போச்சா? கேரளத் தீர்ப்பை எந்த நீதிபதி முன்னால் வைத்தாலும் 37.5 தப்புதான். அதே கண்ணாடியில் 70 பர்சென்ட் ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும். மயிரிழையில் தேறும். முன்கண்ணாடி 75 என்றால் அங்கே 70 நிற்க, ஃபிலிம் மட்டும் 93 சதவீதத்துக்கு மேல் விட வேண்டும். கண்ணுக்கே தெரியாத படலமாக இருந்தாலும் அந்த அளவு வருவது கஷ்டம். ஆகவே முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் கை வைக்கவே வேண்டாம். கடைக்காரர் தரும் சர்டிஃபிகேட்டில் ஃபிலிமின் அளவுதான் இருக்கும். ஒட்டிய பிறகு உங்கள் வண்டியில் என்ன வந்தது என்று அதில் இருக்காது. ஃபிலிம் ஒட்டும் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "ஒட்டின அப்புறம் மீட்டர் வெச்சுக் காட்டுவீங்களா?" என்பதுதான்.

கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். செய்த கம்பெனி பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 2553 என்ற எண் எல்லாம் அங்கே இருக்கும். கறுப்பாகத் தெரிந்தாலும் கம்பெனிக் கண்ணாடிதான் என்று போலீசாரிடம் காட்ட அந்த மூலைதான் சாட்சி. விபத்தில் உடைந்து மாற்றிய கண்ணாடியில் அந்த எழுத்து இல்லையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி வெயில். இந்த விவகாரத்தில் ரொம்பப் பேரைக் குழப்புவது இதுதான். கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நம்புகிறோம். அந்தத் தாளுக்குக் கூலிங் பேப்பர் என்று பெயர் வைத்ததே அந்த நம்பிக்கையில்தான். சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தெரிகிற வெளிச்சம் நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். புற ஊதா மிகக் கொஞ்சம். மலிவான சாயம் போட்ட கறுப்பு ஃபிலிம் தடுப்பது பெரும்பாலும் தெரிகிற வெளிச்சத்தை. அகச்சிவப்பில் நிறைய உள்ளே வந்துவிடும். தடுத்த வெளிச்சமும் எங்கும் ஓடிப்போவதில்லை. ஃபிலிம் அதை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள்தான் திரும்புகிறது. நல்ல செராமிக் ஃபிலிம் இதற்கு நேர் எதிர். பார்த்தால் ஒட்டியிருப்பதே தெரியாது, வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பைத் தடுக்கும். கடைகளில் டெமோவுக்கு ஒரு ஹீட் லேம்ப் வைத்திருப்பார்கள். இரண்டு ஃபிலிமுக்கும் பின்னால் மாறி மாறிக் கையை நீட்டிப் பாருங்கள். கறுப்புக்குப் பின்னால் கை சுடும். தெளிவாக இருப்பதற்குப் பின்னால் தாங்கும்.

அம்மாவின் தோலுக்கு ஆகாதது பெரும்பாலும் புற ஊதாவாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தோல் டாக்டர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாவை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. சாதாரண ஒற்றைக் கண்ணாடி புற ஊதாவில் தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. வகையைத் தடுக்கும், ஆழமாக இறங்கும் யு.வி.ஏ. வகையில் கணிசமாக உள்ளே விடும். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது டிரைவர் ஒருவரின் படம் வந்தது. 28 வருஷம் வண்டி ஓட்டியவர். கண்ணாடிப் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கி, வலது கன்னத்தைவிட எத்தனையோ வயது கூடினாற்போல இருந்தது. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் டிரைவருக்கு வலது கன்னமும் வலது முழங்கையும். ஆகவே தோல் பிரச்சினை உள்ளவர்களின் தேவை நிஜம். அதை ஆடம்பரம் என்று தள்ளுவது தப்பு. ஆனால் புற ஊதாவைத் தடுக்கக் கறுப்பு தேவையே இல்லை. தெளிவான ஃபிலிமே அதைத் தடுக்கும். இருட்டு வேண்டும் என்பவர்கள் வெயிலைக் காரணம் காட்டும்போது இதை மறைத்துவிடுகிறார்கள். ஒட்டவே கூடாது என்பவர்களும் தெளிவான ஃபிலிமையும் கறுப்பையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அளந்து பார்த்து, தேறினால் விட்டுவிடுவதே சரியான சட்டம். அதற்குத் தெருவில் நிற்கும் போலீசார் கையில் மீட்டர் இருக்க வேண்டும். வெறும் கண்ணால் பார்த்து 52-ஐயும் 45-ஐயும் பிரிக்க என்னாலேயே முடியாது, அவர்களால் எப்படி முடியும்?

நான் இருட்டுக் கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு எதிராக இருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் என் சொந்த வண்டியிலேயே நாலு பக்கமும் நல்ல கறுப்பு ஒட்டியிருந்தேன். தொழில் அதுதானே, பார்ப்பவர்களுக்குச் சாம்பிள் மாதிரி இருக்கட்டும் என்று. ஒரு மழை ராத்திரி லிங்கராஜபுரத்தில் மச்சான் வீட்டுச் சந்திலிருந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். தெருவிளக்கு இல்லை, கண்ணாடியில் மழைத்துளி, பின்னால் ஒரே கறுப்பு. மெதுவாகத்தான் போனேன். யாரோ பின்பக்கத்தை உள்ளங்கையால் படபடவென்று அடித்தார்கள். இறங்கிப் பார்த்தால் பம்பருக்கு ஒரு சாண் பின்னால் ஆறு வயசுப் பையன் ஒருவன், தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். அடித்தது அவன் பாட்டி. அந்த அம்மா திட்டக்கூட இல்லை, பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக என் வண்டி ஃபிலிமைத்தான் உரித்தேன். தீர்ப்பு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி.

ராத்திரியில் நம் கண் எவ்வளவு வெளிச்சத்தை வாங்குகிறது என்பது வயதையும் பொறுத்தது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. அதில் பாதியை ஃபிலிம் தின்றுவிட்டால்? மகன் ஒட்டிய ஃபிலிமோடு அப்பா ராத்திரியில் ஓட்டும் வண்டிகள் இந்த ஊரில் நிறைய.

இன்னொன்று, பைக் ஓட்டுபவர்கள் பக்கமிருந்து பார்க்க வேண்டிய விஷயம். சில்க் போர்டு ஜங்ஷனில் வண்டிகள் நாலு திசையிலும் முட்டிக்கொண்டு நிற்கும்போது யார் முதலில் போவது என்பதைச் சிக்னல் மட்டும் தீர்மானிப்பதில்லை. கண் ஜாடைதான் தீர்மானிக்கிறது. பைக் ஓட்டுபவர் கார் டிரைவரின் முகத்தைப் பார்க்கிறார், டிரைவர் லேசாகத் தலையாட்டுகிறார், பைக் நகர்கிறது. ரோட்டைக் கடக்கும் பூக்காரம்மா கையைக் காட்டி டிரைவரின் கண்ணைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறார். கண்ணாடி கறுப்பாக இருந்தால் அந்த அம்மாவுக்கு எதிரே நிற்பது ஆளில்லாத இரும்புப் பெட்டி. காருக்குள் இருப்பவருக்கு வெளியே ஓரளவு தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. கண்ணாடி நம் காசில் வாங்கியதுதான், ஆனால் அதன் வழியாகப் பார்க்க வேண்டியது ரோட்டில் இருக்கிற எல்லோரும்.

இங்கிலாந்தில் முன்கண்ணாடிக்கு 75 சதவீதம், முன் கதவுகளுக்கு 70 என்று கறாராக வைத்துவிட்டுப் பின்சீட்டுப் பக்கத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் முன்னால் 70, பின்னால் 25 வரை போகலாம். டிரைவரின் பார்வைக்கும் அவர் முகம் தெரிவதற்கும் முன்பாதிதான் முக்கியம் என்று யோசித்திருக்கிறார்கள். நம் விதி முன் கதவையும் பின் கதவையும் ஒன்றாகவே வைக்கிறது. குழந்தை உட்காரும் பின் கதவுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு கொடுக்கலாமே என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. டெல்லி பஸ்ஸை நினைத்தால் அந்த யோசனை நின்றுவிடுகிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து வரும் ஒரு வாதம் மட்டும் எனக்கு லேசாகத் தள்ளக்கூடியதாகப் படவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து தனியாக ஓட்டி வரும் பெண்ணை, பக்கத்தில் பைக்கில் வருபவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே தொடர்ந்து வருகிறார்கள். கண்ணாடி கறுப்பாக இருந்தால் உள்ளே யார், எத்தனை பேர் என்று தெரியாது, நிம்மதி. என் மருமகளே இதைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதே கறுப்புக்குள் ஒரு பெண்ணை யாராவது அடைத்து வைத்திருந்தாலும் வெளியே தெரியாது என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன். இரண்டும் நடக்கிற ஊர் இது. லேப்டாப் பையைச் சீட்டில் விட்டுப் போனால் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போகிறார்கள், கறுப்பாக இருந்தால் தெரியாது என்பதும் ஒரு வாதம். அதற்குப் பையை டிக்கியில் வைத்தால் போதும்.

எம்.எல்.ஏ. வண்டி விஷயம் சுருக்கமாக. சலுகை இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான், அதுவும் தானாகக் கிடைக்காது. மாநிலத்தின் டி.ஜி.பி. அல்லது கமிஷனரும் உள்துறைச் செயலாளரும் அடங்கிய குழு பார்த்து அனுமதிக்க வேண்டும், அதுவும் அரசு வண்டிக்கு மட்டும். மற்றபடி கொடி கட்டிய கறுப்பு வண்டிகள் எல்லாமே விதிமீறல். கேரளத்தில் 2021 ஜனவரியில் 'ஆபரேஷன் ஸ்க்ரீன்' என்று ஒரு சோதனை நடத்தியபோது ஃபிலிம், திரைச்சீலை எல்லாவற்றையும் பிடித்தார்கள், அரசு வண்டிகளையும் சேர்த்து. இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ரோட்டில் நடப்பது இப்படி. "சார், கிளாஸ் இள்சி" என்பார் போலீஸ்காரர் கன்னடத்தில். இறக்குங்கள். விரலால் உட்பக்கம் தடவிப் பார்ப்பார், விளிம்பில் ஃபிலிமின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் முடிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500. அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் நுழைந்தாலும் விதி அதேதான், மத்திய விதி என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் மாறாது. பிடிக்கிற வேகம்தான் மாறும். ஒரே நாளில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கட்டியவர்கள் உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒன்றும் ஒட்டாமல் சேலம் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் புறப்பட்டால் கிருஷ்ணகிரி தாண்டித் தெற்கே இறங்கும்போது சூரியன் இடது பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது சூரியன் மேற்கில், அதுவும் இடது பக்கம்தான். அம்மாவை இரண்டு முறையும் டிரைவருக்குப் பின்னால், வலது பக்கம் உட்கார வையுங்கள். பருத்தியில் முழுக்கை, டாக்டர் சொல்கிற சன்ஸ்கிரீன். பலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. வெயிலுக்குக் கண்ணாடியில் மாட்டும் வலைத் தட்டிகளை வண்டி நிற்கும்போது மாட்டிக்கொள்ளுங்கள், ஓடும்போது கழற்றிவிடுங்கள். கண்ணாடியை மறைக்கும் எதையும் போலீசார் ஃபிலிமோடு சேர்த்தே பார்ப்பார்கள்.

இதற்கும் அடங்கவில்லை, டாக்டரும் எழுதித் தருகிறார் என்றால், கதவுக் கண்ணாடிகளுக்கு மட்டும், நிறமே இல்லாத, 70-க்கு மேல் விடுகிற புற ஊதா ஃபிலிம் ஒட்டலாம். 80 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டு நம்பரையும் பில்லிலேயே எழுதி வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். அப்போதும் அபராதம் வராது என்று நான் உறுதி தர மாட்டேன். கர்நாடகத்தில் இது இன்னும் வாதாட வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால் விலக்கு என்றும் விதியில் இல்லை. வந்தால் 500 ரூபாயைக் கட்டுவதா, நம்பரைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போவதா என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய காரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற கறுப்பை எப்படி எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். கதவுகளை நீங்களே செய்யலாம். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் அடித்து, மேல் மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். பின்கண்ணாடியை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அதில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் படுக்கையாக ஓடும், பனி போக்கும் டிஃபாகர் கம்பிகள் அவை. பிளேடு பட்டால் அறுந்துவிடும். ஒரு கோடு அறுந்தால் அந்தப் பட்டையில் மழைக்காலம் முழுக்கப் புகை மூட்டமாகவே இருக்கும். அதை நீராவி வைத்து உரிக்கிற கடையில் கொடுங்கள்.